மைக் இல்லாமல் பாடிய மாயக்கா

என் மாயக்கா, வேனில் எப்போதும் முன் சீட்டைப் பிடித்துக்கொண்டு எங்களைப் பெட்டிகளோடு பின்னால் தள்ளியவளே,

உயிரோடு இருந்தவரை உன்னை 'நீங்க' என்றுதான் கூப்பிட்டேன். இப்போது எழுத உட்கார்ந்தால் 'நீ' என்றுதான் வருகிறது. கோபித்துக்கொள்ளாதே. கோபம் வந்தாலும் என்ன செய்துவிடுவாய், "ஏலே பாய், வாய் ரொம்ப நீளுது" என்பாய், அவ்வளவுதானே? அந்த அதட்டலைக் கேட்கலாம் என்றால் இன்னும் பத்து தடவை 'நீ' என்று எழுதுவேன்.

நீ போய் ஒரு வருஷம் முடியப்போகிறது. உன்னிடம் சொல்லச் சேதிகள் சேர்ந்துவிட்டன. நான் உன்னிடம் சொன்ன பொய் ஒன்றையும் திருத்தியாக வேண்டும். முதலில் சேதியைச் சொல்லிவிடுகிறேன், பொய்யைச் சொல்லக் கொஞ்சம் தைரியம் வரட்டும்.

போன வாரம் வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் ஒருத்தர் செல்போனில் உன் பஸ் பாட்டு! யாரோ ஒரு புண்ணியவான் அதற்கு அடியில் டொம் டொம் என்று மிஷின் தாளத்தைச் சேர்த்திருக்கிறார். முத்தையா அண்ணன் தவிலை அது அமுக்கப் பார்க்கிறது. ஆனால் உன் குரலை அமுக்க முடியவில்லை அக்கா.

வயித்துல ஒண்ணு இடுப்புல ஒண்ணு
வந்து நிக்கிறா புள்ளத்தாச்சி,
சீட்டுல இருந்த மாமனுக்குத்
திடுக்குன்னு தூக்கம் வந்துருச்சி!

பூக்கூடையோடு நின்ற பொம்பளைகள் நாலு பேர் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இப்போது டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. அதனால் கண்டக்டர் சில்லறைக்கு முறைக்கிற அந்தச் சரணம் செல்லாது. மாமனுடைய தூக்கத்துக்கு மட்டும் இன்னும் ஒரு குறையும் இல்லை.

இந்தக் கடிதத்தை வேறு யாராவது எட்டிப் பார்த்தால் அவர்களுக்கும் விளங்க வேண்டும். நான் காதர். திண்டுக்கல் பேகம்பூரில் மைக் செட் வாடகைக்கு விடுகிறவன். நீ சேவுகம்பட்டிப் பக்கம் விடியலில் கூலிக்குப் பூப் பறித்துவிட்டு, மத்தியானத்துக்கு மேல் ஊர் ஊராகத் திருவிழாவில் பாடுகிறவள். புருஷன் இளவயதிலேயே போய்விட்டார். முத்தையா அண்ணனுடைய தவில், உன் கையில் ஒரு ஜோடித் தாளம், என்னுடைய ஆம்ப்ளிஃபயர். இதுதான் நம் கச்சேரி.

உன் பாட்டைப் பற்றி என்னிடம் யாராவது கேட்டால் நான் ராகம், தாளம் என்று பேச மாட்டேன், எனக்கு அதெல்லாம் தெரியாது. எனக்குத் தெரிந்தது ஒரு ஊரில் போய் இறங்கியதும் நீ செய்கிற முதல் காரியம். நான் மரத்தில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டிருப்பேன். நீ நேராக டீக்கடைக்குப் போய், "ஏப்பா, இந்த ஊர்ல யாரு யாரோட பேசுறதில்ல?" என்று கேட்பாய். என்ன மாதிரி கேள்வி அது! எந்த ஊரிலும் அதற்குப் பதில் இருந்தது. டீ ஆறுவதற்குள் உனக்கு அன்றைய பாட்டு கிடைத்துவிடும்.

கீரனூர்ப் பக்கம் ஒரு தோட்டக்காரர், தம்பி கிணற்றை ஒட்டி ஆழ்துளைக் கிணறு போட்டவர். நாம் ஊருக்குள் நுழைந்ததும் அவரேதான் வந்து, "ஏனுங்க, டீ சாப்பிட்டீங்களா?" என்று உபசரித்தார். நீயும் அவர் வாங்கிக் கொடுத்த டீயைக் குடித்துவிட்டு மேடையேறி அவரைத்தான் பாடினாய்.

ஆயிரம் அடி எறக்குனாரு
அண்ணன் தோட்டத்துல பைப்பு.
அண்ணனுக்கு வந்தது தண்ணி,
தம்பி கெணத்துக்கு வந்தது...

அங்கே நிறுத்திவிட்டாய். அதுதானே உன் வித்தை? கடைசிச் சொல்லை நீ பாட மாட்டாய். காதில் கையை வைத்துக்கொண்டு கூட்டத்தைப் பார்ப்பாய். "புழுதி!" என்று முன்வரிசையிலிருந்து முதலில் கத்தியவர் அந்தத் தோட்டக்காரர்தான். கத்திய பிறகுதான் அவருக்கே உறைத்தது. கூட்டம் சிரித்தது, அவரும் சிரித்தார், பிறகு துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு ரொம்ப நேரம் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். திட்டினால் அடிக்க வருவார்கள். நீ திட்டவே இல்லையே அக்கா! அவனவன் வாயால் அவனவனைச் சொல்ல வைத்தாய். இதை எங்கே கற்றுக்கொண்டாய்? ஒரு நாளாவது கேட்டிருக்கலாம்.

சரி. எவ்வளவு நேரம்தான் சுற்றி வளைப்பேன்? அந்த ஊருக்கு வருகிறேன். பேர் எழுத மாட்டேன், உனக்குத் தெரியும்.

பல வருஷத்துக்கு முன்னால் ஒரு முளைப்பாரி நாள். நல்ல வெயில், நாலு மணி இருக்கும். சட்டி சட்டியாகப் பயறு முளைத்துப் பச்சையாக நிற்கிறது, சுமங்கலிப் பெண்கள் தலையில் தூக்கக் காத்திருக்கிறார்கள். ஊர்த் தலைவர் வீட்டம்மா தலையில் முதல் சட்டி. களத்தோரம் நிற்கிற டிராக்டருக்கு அந்தப் பக்கம், புருஷனை இழந்தவர்கள் ஏழெட்டுப் பேர், எட்ட இருந்து பார்க்க மட்டும். உனக்கு டீக்கடையில் சேதி கிடைத்திருந்தது. ஒன்பது நாளும் பாரிக்கு எருவும் மண்ணும் கொண்டுவந்து தண்ணீர் சுமந்து ஊற்றியது அந்த ஏழெட்டுப் பேர்தான். தூக்குகிற அன்று எதிரே வரக் கூடாதாம். நீயும் அவர்கள் கணக்குத்தான். ஆனால் உன்னை மேடையில் ஏற்றியிருந்தார்கள், பாட்டுக்கு ஆள் வேண்டுமே.

நீ கும்மி மெட்டில் ஆரம்பித்தாய். பக்கத்து வீட்டில் உப்புக் கேட்கிற மாதிரி அவ்வளவு மெதுவாக.

பயறு மொளைக்கையில பாத்தா மொளைச்சுச்சு,
கயிறு கழுத்துல கெடக்கா இல்லையான்னு?
தாலி அறுத்தவ தண்ணி ஊத்துனா
தட்டப்பயறு என்ன, தலையக்...

எனக்கு என் அம்மா நினைவுக்கு வந்தார். அத்தா மவுத்தான பிறகு நிக்காஹ் வீடுகளில் மணப்பெண்ணுக்குப் பூ வைக்கிற நேரத்தில் அம்மா தானாகவே எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவார். எங்கள் மார்க்கத்தில் அப்படி யாரும் ஒதுங்கச் சொல்லவில்லை. ஆனாலும் போய்விடுவார். நானும் ஒரு நாள்கூட "எங்கேம்மா போறீங்க?" என்று கேட்டதில்லை.

நீ கடைசிச் சொல்லை விட்டுவிட்டுக் கூட்டத்தைப் பார்த்தாய். ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. அப்போது தலைவர் என் பக்கத்தில் வந்து குனிந்தார். மரியாதையாகத்தான் சொன்னார்.

"பாய், செத்த நேரம் சவுண்டைக் குறைங்க. ஒயர்ல ஏதோ கோளாறுன்னு நெனச்சுக்குவாக."

நான் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை அக்கா. இவர்கள் சாமி, இவர்கள் சடங்கு, நடுவில் பாய்க்கு என்ன வேலை என்று ஒரு பயம். இனி அந்தப் பக்கம் எந்த ஊரிலும் கூப்பிட மாட்டார்கள் என்று இன்னொரு பயம். நீ மறுபடி முதலிலிருந்து எடுத்தபோது, ஆம்ப்ளிஃபயரின் சத்தக் குமிழைப் பிடித்து இடப்பக்கம் கிட்டத்தட்ட அடிவரை திருகினேன். உன் குரல் குழாயிலிருந்து காணாமல் போனது.

நீ மைக்கைத் தட்டிப் பார்த்தாய். என்னைப் பார்த்தாய். நான் குனிந்து, கண்ணைச் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டு, ஒயரைத் தேடுகிற மாதிரி நடித்தேன். முத்தையா அண்ணனைத் தவிலை நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டு மேடையை விட்டு இறங்கினாய். கூட்டத்துக்கு நடுவில் நேராக நடந்து, டிராக்டருக்கு அந்தப் பக்கம் போய் அந்தப் பெண்களோடு நின்றுகொண்டாய். அங்கிருந்து பாடினாய், வெறும் தொண்டையில்.

நான் முப்பது வருஷமாகச் சத்தத்தை விற்றுப் பிழைக்கிறவன். எவ்வளவு வாட்ஸ் போட்டால் எவ்வளவு தூரம் போகும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். அன்று உன் குரல் போன தூரம் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. பலூன்காரர் ஊதலை நிறுத்திவிட்டார். பேசிக்கொண்டிருந்த ஆண்கள் பேச்சை நிறுத்தினார்கள். அவ்வளவு கூட்டமும் ஒரு பொம்பளையின் மூச்சைக் கேட்பதற்காகத் தன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. சொல்லுக்கு நடுவில், யாரும் எடுக்காத இடத்தில் நீ மூச்சு எடுப்பாயே, அந்தச் சின்ன இழுப்பு என் காது வரைக்கும் வந்தது. மைக் கட்டிக் கேட்டபோதெல்லாம் உன் குரலில் பாதியைத்தான் கேட்டிருக்கிறேன் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

மூன்று தடவை பாடினாய். மூன்று தடவையும் கடைசிச் சொல்லை விட்டாய். யாரும் எடுக்கவில்லை. பிறகு தாளத்தை இடுப்பில் செருகிக்கொண்டு வேனில் போய் உட்கார்ந்துவிட்டாய்.

திரும்பி வரும்போது நீயாகக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனோ என்னவோ. நீ கேட்கவில்லை. நானாகத்தான் உளறினேன்: "லூஸ் காண்டாக்ட் அக்கா. ஒயர் பழசு." நீ, "அப்படியா தம்பி, மாத்திரு" என்றாய். அவ்வளவுதான். பிறகு செம்பட்டியில் வண்டியை நிறுத்தச் சொல்லி எல்லாருக்கும் வடை வாங்கிக் கொடுத்தாய். என் வடையைக் காகிதத்தோடு மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

இதுதான் அந்தப் பொய். ஒயர் நன்றாக இருந்தது அக்கா. பழசாகக்கூட இல்லை, அந்த மாதம்தான் வாங்கியது.

இந்த வருஷத்துக் கதைக்கு வருகிறேன். ஆடி பிறந்ததும் அந்த ஊரிலிருந்து போன். தலைவர் போன தை மாதம் தவறிவிட்டாராம். அவர் மகன்தான் இப்போது விழாக் கமிட்டியைப் பார்க்கிறார், படித்த பிள்ளை, தன்மையாகப் பேசினார். "மாயக்கா படத்தைப் போட்டு பெருசா பிளெக்ஸ் வைக்கிறோம் பாய். அன்னைக்குப் பூராம் அவங்க பாட்டுதான் ஓடணும். உங்ககிட்டதான் பழைய கேசட் இருக்காமே?" என்றார். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. பிறகு கொஞ்சம் தயங்கி, "அந்தப் பயறு பாட்டுல ஒரு நாலு வரி இருக்கும்ல, அதை மட்டும் கட் பண்ணிருங்க பாய். நல்ல நாளும் அதுவுமா எதுக்கு?" என்றார்.

நான் வழக்கம்போல, "சரிங்க தம்பி" என்று சொல்லித் தொலைத்தேன். வாய் பழகிப்போனது.

உனக்குத்தான் தெரியுமே, ஆம்ப்ளிஃபயரிலிருந்து ஒயர் இழுத்து டேப் ரெக்கார்டரில் எல்லாக் கச்சேரியையும் பிடித்து வைப்பது என் பழக்கம். அந்த நாள் கேசட்டைத் தேடி எடுத்துக் கடையில் ஓடவிட்டேன். 'பயறு மொளைக்கையில' என்று கணீரென்று வருகிறாய். நாலு வரியும் ஒரு முறை முழுசாக வருகிறது. நீ நிறுத்திய இடத்துக்குப் பிறகு மறுபடி எடுக்கும்போது படாரென்று இறங்குகிறது குரல். என் கை இறங்கியது அப்படியே அதில் பதிந்திருக்கிறது. அதற்கப்புறம் மேடையில் சும்மா கிடந்த மைக் உன்னை எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து கேட்கிற மாதிரி பிடித்திருக்கிறது. ஏற்றிப் பார்த்தேன். இரைச்சல்தான் ஏறியது. நீ வாழ்க்கையிலேயே பெரிதாகப் பாடிய பாட்டு அது. உலகத்திலேயே அதற்கு இருக்கிற ஒரே பதிவு என்னிடம் இருக்கிறது. அதை இப்படிக் கெடுத்தவனும் நான்தான். கடை ஷட்டரை இறக்கிவிட்டு அழுதேன் அக்கா.

மறுநாள் முத்தையா அண்ணனைப் போய்ப் பார்த்தேன். எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் வெற்றிலையை மடித்துக்கொண்டே கேட்டார், பிறகு சிரித்தார்.

"அவளுக்குத் தெரியாதுன்னா நெனச்சீக? அவ காது என்ன செவிட்டுக் காதா பாய்?"

வெற்றிலையை வாயில் அதக்கிக்கொண்டு அவரே தொடர்ந்தார்.

"நானே கேட்டேன், வேற மைக் செட்டப் பாப்பமா தாயின்னு. 'வேற ஆளு வந்தா மட்டும் குறைக்காம இருப்பானாக்கும்? இவனாச்சும் குறைச்சுப்புட்டு அழுதான்ல, நான் பாத்தேன்'னுட்டா. அம்புட்டுத்தான். அப்புறம் உங்களைத் தவிர வேற ஆளைக் கூப்புட்டாளா?"

கூப்பிடவில்லையே! அதற்குப் பிறகு எத்தனை வருஷம், எத்தனை ஊர். ஒவ்வொரு மேடையிலும் உன் குரலை என் கையில்தானே கொடுத்துவிட்டு ஏறினாய்? தெரிந்தே கொடுத்தாயா அக்கா? நான் பார்த்தவர்களிலேயே பெரிய மனுஷி நீ. பாட்டுக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை.

விழா நாள் வந்தது. உன் படம் வாசலில் ஆள் உயரத்துக்கு. டிராக்டர் வேறு டிராக்டர், ஆனால் நிற்கிற இடம் அதேதான், அதற்கு அந்தப் பக்கம் நிற்கிறவர்களும் நிற்கிறார்கள். நான் ஒரு காரியம் செய்தேன். ஸ்டாண்டோடு இன்னொரு மைக்கைக் கொண்டுபோய் அந்த டிராக்டருக்கு அந்தப் பக்கம் வைத்தேன். யாரையும் பாடச் சொல்லவில்லை. வைக்க வேண்டும் என்று தோன்றியது. அங்கே நின்ற ஒரு அம்மா கேட்டார், "இது யாருக்குப்பா?"

நிமிர்ந்து பார்த்தால், தலைவர் வீட்டம்மா. வருஷா வருஷம் முதல் சட்டி தூக்கியவர். நெற்றியில் ஒன்றும் இல்லை, தலையில் பூ இல்லை. இந்த வருஷம் இந்தப் பக்கம் வந்துவிட்டார்.

"மாயக்கா அன்னைக்கு இங்க வந்து நின்னுதான் பாடுனாங்கம்மா. அவங்களுக்குத்தான்" என்றேன். அவர் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

நாலு மணிக்குப் பயறு பாட்டைப் போட்டேன். ஒரு வரியும் வெட்டவில்லை. மகன் ஓடி வந்தார். "என்ன பாய், கட் பண்ணச் சொன்னேன்ல? குறைங்க, குறைங்க!" என்று அவரே குமிழுக்குக் கையை நீட்டினார். நான் முந்திக்கொண்டேன். குமிழைப் பிடித்துத் திருகாமல் ஒரே இழுப்பாக இழுத்து, கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். பிளாஸ்டிக்தானே, சட்டென்று வந்துவிட்டது. "கோவிச்சுக்காதீங்க தம்பி. ஒருக்காக் குறைச்சுட்டேன், போதும்" என்றேன்.

குழாயில் உன் குரல் இறங்கி இரைச்சலுக்குள் போனது. தூரத்தில் நீ டிராக்டர் பக்கமிருந்து பாடுவது மெல்லிசாகக் கேட்டது. 'தட்டப்பயறு என்ன, தலையக்...' என்று நிறுத்தினாய். அன்று யாரும் எடுக்காமல் விட்ட இடம். இரைச்சல் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"கவுத்துச்சா?"

என்று வந்தது ஒரு குரல், நான் வைத்த இரண்டாவது மைக்கிலிருந்து. சுருதி இல்லை, கட்டைக் குரல், பாடிப் பழகாத தொண்டை. கூட்டம் மொத்தமும் திரும்பியது. அந்தக் குரலே மறுபடி முதலிலிருந்து எடுத்தது, பயறு மொளைக்கையில பாத்தா மொளைச்சுச்சு என்று. பக்கத்தில் நின்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள். ஒரு வார்த்தை பிசகவில்லை அக்கா! ஒரே ஒரு நாள் கேட்ட பாட்டை இத்தனை வருஷம் எங்கே வைத்திருந்தார்கள்?

"யாரு பாய் பாடுறது?" என்றார் மகன்.

"போய்ப் பாருங்க தம்பி."

போனார். டிராக்டரைச் சுற்றிப் போனவர் அப்படியே நின்றுவிட்டார். அவருடைய அம்மா அவரைப் பார்த்துக்கொண்டேதான் பாடினார், நிறுத்தவில்லை. செத்த நேரம் கழித்து அவர் திரும்பி வந்து என் பக்கத்தில் காலிப் பெட்டிமேல் உட்கார்ந்தார். தலை குனிந்திருந்தது. நான் அடுத்த பேச்சுக்குத் தயாராகக் காத்திருந்தேன்.

"சத்தம் பத்தல பாய்" என்றார்.

குமிழோ என் பையில். அதை எடுத்து மாட்டப் பொறுமை இல்லை. குமிழ் இல்லாத அந்த மொட்டைத் தண்டை இரண்டு விரலால் பிடித்து, தோல் உரிய, முழுக்க வலப்பக்கம் திருகினேன்.

உனக்கு இனிப் பொய் சொல்ல மாட்டேன், அதனால் இதையும் எழுதுகிறேன். அந்த அம்மாவின் கையில் யாரும் பாரிச் சட்டியைக் கொடுக்கவில்லை. பாட்டு முடிந்ததும் ஊர்வலம் வழக்கம்போல் போய்விட்டது. ஆனால் மகன் கிளம்பும்போது, "அடுத்த வருசமும் அந்த ரெண்டாவது மைக்கை அங்கேயே போட்ருங்க" என்றார். அடுத்த வருஷம் என்ன ஆகும்? எனக்குத் தெரியாது. டீக்கடையில் விசாரித்து நீதான் சொல்ல வேண்டும்.

அந்த ஆம்ப்ளிஃபயருக்கு நான் இன்னும் குமிழ் மாட்டவில்லை. மாட்டவும் மாட்டேன். ஏற்ற வேண்டும் என்றால் விரல் வலிக்கத் திருகிக்கொள்கிறேன். குறைக்கச் சொல்லி எவர் வந்து குனிந்தாலும் குமிழ் இல்லை என்று காட்டுவேன். இனி என் மைக்குக்கு முன்னால் யார் வாய் திறந்தாலும், அவர்கள் பாடி முடிக்கிறவரை இந்தக் கை அதன் பக்கம் போகாது. உன்மேல் சத்தியம் அக்கா.

முன் சீட்டு காலியாகத்தான் இருக்கிறது. முத்தையா அண்ணன்கூட அதில் உட்காருவதில்லை.

குறைத்துவிட்டு அழுதவன் என்று தெரிந்தும் நீ கடைசிவரை கூட வைத்துக்கொண்ட
உன் தம்பி,
காதர்